'மச்சூகா' பார்த்த அரூர்ப் பிள்ளைகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

தர்மபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தை ஒட்டிய ஒரு கிராமத்தின் மாலை நேரப் படிப்பகத்தில், பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'மச்சூகா' என்ற சிலி நாட்டுப் படத்தைப் போட்டுக் காட்டினோம். அரசியல் மோதலுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும் இரண்டு சிறுவர்களின் கதை. படம் ஓடியது இரண்டு மணி நேரம்தான், ஆனால் அதைப் பற்றிய பேச்சு ஊரில் இன்னும் ஓயவில்லை. பிள்ளைகளோடு வேலை செய்கிற மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன். பிள்ளைகளின் பெயரையும் ஊரின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

ஊரும் படிப்பகமும்

எங்கள் பக்கத்துக் கிராமங்களைத் தெரிந்தவர்களுக்கு அமைப்பைச் சொல்லத் தேவையில்லை. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். நடுவில் மரவள்ளிக் காடு. பள்ளிக்கூடம் ஒன்றுதான், ஏறுகிற டவுன் பஸ்ஸும் ஒன்றுதான். ஆனால் பஸ்ஸில் யார் எங்கே உட்கார்வது என்பது யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரியும். படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருடைய அப்பா அம்மா திருப்பூரிலோ ஓசூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்கிறார்கள். பிள்ளைகளைத் தாத்தா பாட்டிதான் பார்த்துக்கொள்கிறார்கள்.

படிப்பகம் தொடங்கிய காலத்தில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். ஒரு மாரியம்மன் திருவிழாவில் ஃபிளெக்ஸ் வைப்பதில் தகராறு. யார் கட்சி பேனர் முன்னால், யார் கட்சி பேனர் பின்னால் என்று பெரியவர்களுக்குள் ஆரம்பித்து, ஒரு பையன் கன்னத்தில் அறை விழுந்து, இரண்டு தரப்பும் காவல் நிலையம் வரை போய் வந்தது. அதற்குப் பிறகு காலனிப் பையன்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். பெண்பிள்ளைகள் மட்டும் வந்தார்கள், அதுவும் தனி வரிசையில். ஊர்ப் பையன்கள் கையில், என்ன சாதி என்று காட்டும் கலர் கயிறு கூடியது. நாங்குநேரியில் 2023இல் ஒரு மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைப் பள்ளியில் தடுக்க வேண்டும் என்று சொன்னது. கயிற்றை வாசலில் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் திரும்பக் கட்டிக்கொள்வதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆக, இந்தப் பிள்ளைகளுக்கு அரசியல் மோதலைப் 'புரியவைக்க' வேண்டிய தேவை இல்லை. அவர்கள் ஏற்கெனவே அதற்குள் இருக்கிறார்கள். அதைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள அவர்களுக்கு ஓர் இடம்தான் இல்லை.

ஏன் இந்தப் படம்

முதலில் தமிழ்ப் படம் எதையாவது போடலாம் என்றுதான் பேசினோம். சாதியை நேரடியாகப் பேசும் நல்ல படங்கள் நம்மிடம் இருக்கின்றன. ஆனால் படம் தொடங்கி அஞ்சு நிமிஷத்துக்குள் நம் பிள்ளைகள் இயக்குநர் யார் ஆள், கதாநாயகன் எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் பாதிப் பேர் கை தட்டுவார்கள், பாதிப் பேர் கையைக் கட்டிக்கொள்வார்கள். படம் பேசுவது யார் காதிலும் விழாது. சிலியில் இந்தக் கணக்கு போட முடியாது. அங்கே யார் எந்தப் பக்கம் என்று படமே சொல்லும் வரை பொறுத்திருந்துதான் ஆக வேண்டும். அந்தப் பொறுமைக்காகவே வெளிநாட்டுப் படம்.

'மச்சூகா' 2004இல் வந்தது. இயக்குநர் ஆந்த்ரேஸ் உட். 1973இல் சாந்தியாகோ நகரம். பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில், தலைமைப் பாதிரியார் மெக்கன்ரோ பக்கத்துக் குடிசைப் பகுதிச் சிறுவர்களைக் கட்டணமில்லாமல் சேர்க்கிறார். வசதியான வீட்டுப் பையன் கொன்சாலோவும் குடிசைப் பையன் பேத்ரோ மச்சூகாவும் நண்பர்களாகிறார்கள். மச்சூகாவோடு வரும் சில்வானா என்ற பெண்ணும் கூட்டுச் சேர்கிறாள். அந்த வருஷம் செப்டம்பர் 11ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடிக்கிறது. கதை கற்பனைதான், ஆனால் அடிப்படை நிஜம். இயக்குநர் படித்த செயிண்ட் ஜார்ஜ் பள்ளியில் ஜெரார்டோ வீலன் என்ற பாதிரியார் இப்படித்தான் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்தார். படம் அவருக்குத்தான் அர்ப்பணிக்கப்பட்டிருக்கிறது. ஆட்சிக் கவிழ்ப்பின்போது இயக்குநருக்கு எட்டு வயது நிறைய மூன்று நாள் இருந்தது.

படத்துக்கு முன்னால் கால் மணி நேரம் சிலியைப் பற்றிச் சொன்னோம். 1970இல் சால்வதோர் அயெந்தே தேர்தலில் ஜெயித்து அதிபரானார். செம்புச் சுரங்கங்களை அரசுடைமை ஆக்கினார். ஒவ்வொரு குழந்தைக்கும் தினம் அரை லிட்டர் பால் என்று திட்டம் போட்டார். பாலைச் சொன்னதும் ஒரு பெண், "நம்ம காலை டிபன் மாதிரியாண்ணா?" என்றாள். அந்த ஒரு கேள்வியில் அயெந்தே அவர்களுக்குத் தெரிந்த ஆளாகிவிட்டார். லாரி முதலாளிகளின் வேலைநிறுத்தம், கடைகளில் சரக்கு இல்லாமை, கள்ளச் சந்தை, ஊர்வலத்துக்கு எதிர் ஊர்வலம் என்று நாடு இரண்டாகப் பிளந்தது. கடைசியில் விமானப்படை அதிபர் மாளிகை மேலேயே குண்டு போட்டது. அயெந்தே அங்கேயே இறந்தார். ஜெனரல் பினோசேயின் ஆட்சி 1990 வரை நீடித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். இவ்வளவுதான் சொன்னோம். கதையைச் சொல்லவில்லை.

படத்தில் முத்தக் காட்சி உண்டு, கொன்சாலோவின் அம்மாவுக்கு வேறொருவரோடு இருக்கும் உறவும் வருகிறது. அதனால்தான் பதினொன்றாம் வகுப்புக்குக் கீழே யாரையும் அழைக்கவில்லை. பெற்றோரிடம் முன்கூட்டியே சொன்னோம். இரண்டு இடங்களைத் தாண்டி ஓட்டினோம். வன்முறைக் காட்சியையும் வெட்டிவிடலாமா என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது. வேண்டாம் என்பதே என் நிலை. கடைசியில் அதுதான் முடிவானது.

திரையிடல்

காலனிப் பையன்களை வரவைத்தது பெண்பிள்ளைகள்தான். "படம்தானே, வந்து பார்த்துட்டுப் போங்கடா" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வந்தவர்கள் சுவரோரமாக, செருப்பைக் கையெட்டும் தூரத்தில் விட்டு உட்கார்ந்தார்கள். சத்தத்தைக் குறைத்து வைத்து, வசனத்தை நாங்கள் தமிழில் எழுதி வைத்திருந்ததை இரண்டு பேர் மைக்கில் வாசித்தோம்.

முதல் சிரிப்பு கொடி விற்கும் காட்சியில் வந்தது. சில்வானாவின் குடும்பம் ஊர்வலங்களில் கொடி விற்றுப் பிழைக்கிறது. வலதுசாரி ஊர்வலத்துக்கு ஒரு கொடி, இடதுசாரி ஊர்வலத்துக்கு வேறு கொடி. மூன்று பிள்ளைகளும் இரண்டு கூட்டத்திலும் புகுந்து அந்தந்தக் கோஷத்தைப் போடுகிறார்கள். ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் சத்தமாகவே, "நானும் ரெண்டு கட்சிக்கும் கொடி கட்டியிருக்கேன்" என்றான். சுவரோரத்திலிருந்து உடனே பதில்: "டேய், பிரியாணி எந்தக் கட்சியில நல்லா இருந்துச்சு?" அறையே சிரித்தது. அந்தத் திருவிழாவுக்குப் பிறகு இரண்டு பக்கத்துப் பையன்களும் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அதுதான் என்று பின்னால் ஒரு பெண் சொன்னாள்.

சிரிப்பு நீடிக்கவில்லை. அடுத்து வரும் ஓர் ஊர்வலத்தில் பணக்காரப் பெண்கள் சில்வானாவை வம்புக்கு இழுக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் கொன்சாலோவின் அம்மாவும் இருக்கிறாள். மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். எங்கள் பிள்ளைகள் அங்கே ஒரு சத்தமும் போடவில்லை. சொந்த அம்மா, சொந்த சித்தப்பா, இன்னொருவரைப் பேசக் கூடாததைப் பேசும்போது பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அனுபவம் அந்த அறையில் யாருக்கு இல்லை?

மச்சூகாவின் அப்பா குடித்துவிட்டு வந்து மகனிடம் பேசும் இடம். இன்னும் அஞ்சு வருஷத்தில் உன் சிநேகிதன் பல்கலைக்கழகம் போவான், நீ கக்கூஸ் கழுவுவாய். பத்து வருஷத்தில் அவன் அப்பா கம்பெனியில் வேலை பார்ப்பான், நீ அதே கக்கூஸைக் கழுவுவாய். பதினைந்து வருஷத்தில் கம்பெனியே அவனுடையதாகும், உன் பெயர்கூட அவனுக்கு ஞாபகம் இருக்காது. இதை வாசித்துக்கொண்டிருந்த எனக்குக் குரல் தடுமாறியது. பாலிடெக்னிக் முடித்த அண்ணன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போகும் வீடுகள் எங்கள் ஊரில் இரண்டு பக்கமும் இருக்கின்றன.

பிறகு பெற்றோர் கூட்டம். ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்ததற்காகப் பணக்காரப் பெற்றோர் பாதிரியார் மேல் பாய்கிறார்கள். மச்சூகாவின் அம்மா எழுந்து பேசுகிறாள். பண்ணையில் மாட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் காரணம் எதுவானாலும் குற்றவாளி தன் அப்பாதான், அது வேண்டாம் என்றுதான் பட்டணம் வந்தேன், இங்கேயும் குற்றவாளிகள் அதே ஆட்கள்தான், இது எப்போதுதான் வேறு மாதிரி நடக்கும் என்று கேட்கிறாள். அந்த அம்மா குரலை உயர்த்துவதில்லை. படத்தில் எனக்கு மிகப் பெரிய காட்சி இதுதான். பிள்ளைகளுக்கு வேறொன்று.

ஷூ

ஆட்சி கவிழ்ந்த பிறகு பள்ளி ராணுவத்தின் கைக்குப் போகிறது. பாதிரியார் ஆலயத்தில் இருக்கும் நற்கருணை அப்பங்களை எல்லாம் தானே உண்டுவிட்டு, இது இனி ஆண்டவரின் வீடு இல்லை என்று சொல்லி வெளியேறுகிறார். மச்சூகா எழுந்து நின்று அவருக்கு விடை சொல்ல, மற்ற பிள்ளைகளும் எழுகிறார்கள். வேறு படமாக இருந்தால் அங்கேயே, நம் மனசு நிறைந்த இடத்திலேயே, முடித்திருப்பார்கள். இந்தப் படம் அதற்கப்புறம் குடிசைப் பகுதிக்குப் போகிறது.

கொன்சாலோ சைக்கிளில் நண்பர்களைப் பார்க்கப் போகும்போது ராணுவம் அங்கே புகுந்து வீடு வீடாக ஆட்களை இழுத்து அடித்துக்கொண்டிருக்கிறது. அப்பாவைக் காப்பாற்ற மேலே விழுந்து மறைக்கும் சில்வானா சுடப்படுகிறாள். ஒரு சிப்பாய் கொன்சாலோவையும் பிடிக்கிறான். நான் இந்த ஊர் இல்லை, என்னைப் பாருங்கள் என்கிறான் பையன். சிப்பாய் மேலிருந்து கீழே பார்க்கிறான். வெள்ளைத் தோல், காலில் அடிடாஸ் ஷூ. சரி, போ என்று விட்டுவிடுகிறான். மச்சூகா பார்த்துக்கொண்டே நிற்க, கொன்சாலோ சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறான்.

விளக்கைப் போட்டபோது யாரும் எழவில்லை. நாங்கள் கேள்விகள் தயாரித்து வைத்திருந்தோம், அதில் முதலாவது "கொன்சாலோ செய்தது சரியா?" என்பது. அதைக் கேட்டதும் வழக்கமான பதில்கள் வந்தன. துரோகம், பயம், சின்னப் பையன், பாவம். அதற்கப்புறம் ஊர்ப் பக்கத்துப் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி சொன்னது அந்த மாலையையே திருப்பிவிட்டது. "அவன் பொய் சொல்லலைண்ணா. அவன் அந்த ஊர் இல்லைதானே? உண்மையைச் சொல்லித்தான் தப்பிச்சான். பொய் சொல்லியிருந்தா மன்னிச்சிடலாம். உண்மையைச் சொல்லித் தப்பிச்சா என்ன பண்றது?"

கொஞ்ச நேரம் கழித்து, "நாங்களும் அப்படித்தான்" என்று சேர்த்துக்கொண்டாள். காலனிப் பிள்ளைகள் மனம் புண்படுமோ என்றுதான் நாங்கள் கவலைப்பட்டிருந்தோம். ஊர்ப் பிள்ளைகள் தங்களைக் கொன்சாலோவில் பார்த்துக்கொள்வார்கள் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை.

சுவரோரத்தில் இருந்த பையன் அதற்குப் பதில் சொன்னான்: "நான் மச்சூகாவா இருந்தா நானே போடான்னு சொல்லியிருப்பேன். அவனும் அடிபட்டு என்ன ஆகப்போகுது? ஆனா அப்புறமா ஒரு நாள் வந்து பேசணும்ல அக்கா."

அதற்கப்புறம் பேச்சு ஷூவைச் சுற்றியே போனது. சிப்பாய் எதைப் பார்த்து முடிவு செய்தான்? ஒருத்தன் ஷூ என்றான், இன்னொருத்தி நிறம் என்றாள். "நம்மளைப் பார்த்தா எதை வச்சுக் கண்டுபிடிப்பாங்க?" என்று கேட்டது யார் என்று எனக்குத் தெரியவில்லை. கயிறு, பைக்கில் ஒட்டும் ஸ்டிக்கர், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், எந்த ஸ்டாப்பில் இறங்குகிறோம் என்பது, அப்பா பெயர் என்று அவர்களே ஒன்றொன்றாகச் சொன்னார்கள். கையில் கயிறு கட்டியிருந்த ஒரு பையன் பேசவே இல்லை. அவனை யாரும் சுட்டிக் காட்டவும் இல்லை, நாங்களும் கேட்கவில்லை. அது சரியான முடிவு என்றே இப்போதும் நினைக்கிறேன்.

வாச்சாத்தி

"நம்ம பக்கம் மிலிட்டரி இப்படி வந்திருக்கா சார்?" என்று ஒரு பதினொன்றாம் வகுப்புப் பையன் கேட்டான். இதற்குப் பதில் சொல்லாமல் கடந்து போக எனக்கு மனசில்லை.

1992 ஜூன் 20. இதே அரூர் வட்டம், இதே சித்தேரி மலையின் அடிவாரம், வாச்சாத்தி. சந்தனக் கட்டை தேடி வருகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் கிராமத்தை வளைத்தார்கள். மலையாளிப் பழங்குடி மக்களை அடித்து, வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்களும் பிள்ளைகளும் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். விசாரணை முடிவதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. மேல்முறையீடுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல், அதே செப்டம்பர் 29 அன்று, தள்ளுபடி செய்தது. முப்பத்தோரு வருஷம்.

கேட்ட பையனுக்கு வாச்சாத்தி என்பது பஸ் போர்டில் பார்த்த பெயர், அவ்வளவுதான். சிலியைக் காட்டித்தான் பக்கத்து ஊரைச் சொல்ல வேண்டியிருந்தது என்பது எனக்கு வலித்தது. அந்தச் சிறைக்கு அம்மாவோடு போன குழந்தைகள் இப்போது நாற்பது வயதை நெருங்கியிருப்பார்கள். அவர்களுடைய பால்யத்தைப் பற்றி நாம் ஒரு படம் எடுக்கவில்லையே என்று ஒரு பெண் கேட்டாள். அவளுக்கு என்னிடம் பதில் இல்லை.

2012 நவம்பர் 7ஐ நான் எடுக்கவில்லை, பிள்ளைகளே எடுத்தார்கள். தர்மபுரியை அடுத்த நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடிக் கொளுத்தப்பட்ட நாள். ஒரு காதல் கல்யாணத்தில் தொடங்கியது. இந்தப் பிள்ளைகள் அப்போது சின்னக் குழந்தைகள். ஆனால் ஒவ்வொருவரிடமும் அதன் ஒரு கதை இருந்தது. ஊர்ப் பக்கத்தில் ஒரு கதை, காலனிப் பக்கத்தில் வேறு கதை. இரண்டும் ஒரே அறையில் சொல்லப்பட்டதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். குரல்கள் உயர்ந்தன. ஒரு கட்டத்தில் ஒரு பையன் எழுந்து வெளியே போய், திண்ணையில் உட்கார்ந்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தான். வீடு போனவர்கள் பக்கமும் எரித்தவர்கள் பக்கமும் சமம் என்று நாங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைப்பதற்காக நியாயத்தைக் கொஞ்சம் தணித்துச் சொல்லலாம் என்ற ஆசை இந்த மாதிரி இடங்களில் வரும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

பிறகு நடந்தவை

இரண்டாம் நாளே எதிர்ப்பு வந்தது. "படிக்கிற பிள்ளைங்களுக்கு அரசியல் எதுக்கு தம்பி? மார்க் எடுக்கிற வழியைச் சொல்லிக் குடுங்க" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து மரியாதையாகவே கேட்டார். இன்னொருவர் அவ்வளவு மரியாதையாகக் கேட்கவில்லை. பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார்ந்து பேசினோம். திருவிழாவில் அறை வாங்கிய பையனின் பாட்டி அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தார். "ஏஞ்சாமி, பேனருக்கு அடிச்சுக்கும்போது மட்டும் அவங்க பெரிய ஆளு, பேசும்போது சின்னப் புள்ளையா?" என்று கேட்டார். சிலர் சமாதானமானார்கள். சில வீடுகளில் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகளின் இழப்பு எங்களுக்குப் பெரிது.

காலனிப் பையன்களில் சிலர் படிப்பகத்துக்குத் திரும்ப வந்துவிட்டார்கள். கணக்குப் பாடத்துக்கு இரண்டு பக்கத்துப் பையன்களும் ஒரே மேசையில் உட்கார்கிறார்கள். பஸ்ஸில் உட்காரும் இடம் மாறவில்லை. கயிறும் பல கைகளில் அப்படியே இருக்கிறது.

எது வேலை செய்தது என்று யோசித்தால், படம் கொன்சாலோவைக் கெட்டவனாகக் காட்டாததுதான் முதலில் தோன்றுகிறது. நல்லவன், நண்பன், ஏழையின் வீட்டில் கூச்சமில்லாமல் புழங்கியவன், இருந்தும் போய்விட்டான். அவனை வில்லனாக்கியிருந்தால் ஊர்ப் பிள்ளைகள் ஒதுங்கியிருப்பார்கள், வீரனாக்கியிருந்தால் காலனிப் பிள்ளைகள் நம்பியிருக்க மாட்டார்கள். சாவுக் காட்சியை வெட்டியிருந்தால் அவன் எதிலிருந்து தப்பினான் என்பதே தெரியாமல் போயிருக்கும்.

இதை வேறு ஊரில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். படம் முடிந்ததும் உள்ளூர்ச் சம்பவத்தை நீங்களாக இழுக்காதீர்கள். அவர்கள் கேட்கும்வரை பொறுங்கள், கேட்டால் மழுப்பாமல் தேதியோடும் தீர்ப்போடும் சொல்லுங்கள். பேச்சுக்குப் படத்தைவிட அதிக நேரம் ஒதுக்குங்கள். எங்களுக்கு இரவு பஸ் போய்விடும் என்ற அவசரம் இருந்தது, நாயக்கன்கொட்டாய் பற்றிய பேச்சைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. பெண்பிள்ளைகளைத் தனியாக வீட்டில் கொண்டுபோய் விட ஆள் வேண்டும், அதை முன்னாடியே ஏற்பாடு செய்யுங்கள்.

அடுத்த படத்தைப் பெற்றோரையும் உட்கார வைத்துப் போட வேண்டும் என்று பிள்ளைகளே கேட்டிருக்கிறார்கள். எங்கே போடுவது என்பதில்தான் சிக்கல். ஊர் மந்தையில் போட்டால் காலனியிலிருந்து வரத் தயங்குவார்கள், காலனி சமுதாயக் கூடத்தில் போட்டால் ஊரிலிருந்து வர மாட்டார்கள். பள்ளிக்கூட மைதானத்தைக் கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறோம். கீழே இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை தலைமையாசிரியரைப் பார்க்கப் போகிறோம்.